பெரிய சிலுவையிலிருந்து மூன்றாவது

அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான். தான் செத்தால் அப்பாவின் குழியைத் திறந்து அதற்குள் தன்னை வைக்க வேண்டும். என்ன பெட்டி, என்ன பூ, கனடாவிலிருந்து தம்பி வருவானா மாட்டானா என்பதைப் பற்றியெல்லாம் அவருக்கு ஒரு அபிப்பிராயமும் இருக்கவில்லை.

“உயிரோட இருக்கேக்க அந்த மனுசன் இரவில கடலில, பகலில நித்திரையில. கலியாணம் கட்டின நாள் தொடக்கம் நான் தனியத்தான் படுத்தனான். மண்ணுக்குள்ளயாவது ரெண்டு பேரும் ஒரு இடத்தில கிடப்பம்” என்று சொல்லிவிட்டுச் சிரிப்பார். எண்பத்தெட்டு வயதில் பல்லில்லாத வாயால் அப்படிச் சிரித்தால் யாருக்கு மறுக்க மனம் வரும்? நானும் ஓம் ஓம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அது பெரிய காரியமே இல்லை. எங்கள் கோயில் பங்கில் புருசனின் குழியில் பெண்சாதியை வைப்பது வழமை. பழைய எலும்புகளை வெள்ளைத் துணியில் முடிந்து புதுப் பெட்டியின் கால்மாட்டில் வைப்பார்கள். அப்பாவின் குழி எங்கே என்று எனக்குத் தெரியும். பெரிய சிலுவையிலிருந்து நேரே கடற்பக்கம் மூன்றாவது.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் சேமக்காலையில் பெயர் எழுதிய கல்லறைகள் குறைவு. கடற்காற்றில் ஒரு மரச்சிலுவை நாலு மாரி தாங்காது. சீமெந்தால் கட்டுகிற அளவுக்குக் கையில் வைத்திருந்தவர்களும் எங்கள் ஒழுங்கைகளில் இல்லை. ஆகவே எங்கள் சனம் தங்கள் செத்தவர்களை எண்ணி வைத்துக்கொண்டது. சேமக்காலையின் நடுவில் பெரிய சிலுவை. அதிலிருந்து கடற்பக்கம் இத்தனையாவது வரிசை, தரைப்பக்கம் இத்தனையாவது வரிசை, நேரே இல்லாவிட்டால் இடமோ வலமோ இத்தனை. அவ்வளவுதான் முகவரி. செபம் படிப்பித்த கையோடு பிள்ளைகளுக்கு இதையும் படிப்பித்துவிடுவார்கள். உங்கட அப்பப்பா எங்கே என்று கேட்டால் எங்கள் ஊர்ப் பிள்ளை மோட்சத்தில் என்று சொல்லாது. “பெரிய சிலுவையில இருந்து கடற்பக்கம் ஆறாவது” என்று சொல்லும். பங்குச் சுவாமிமாரும் இறப்புப் பதிவேட்டில் அப்படியே எழுதினார்கள்.

இவ்வளவும் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். இளைப்பாறிய கணித ஆசிரியை நான். எண்ணுகிற விஷயத்தில் என்னை யாரும் பிழை பிடிக்க முடியாது என்ற கர்வம் எனக்கு உண்டு. உண்டு என்றா சொன்னேன்? இருந்தது.

கோயிலின் ஆண்டு நிறைவுப் பெருநாளுக்கு ஒரு மலர் போடப் போகிறோம், பங்கின் வரலாற்றை எழுதித் தாருங்கள் என்று பாதர் கேட்டார். பாதருக்கு முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். “பத்துப் பக்கம் காணும் ரீச்சர்” என்றார். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. ஒல்லாந்தர் வேதத்தைத் தடைசெய்த காலத்தில் குருவானவர் மீன் கூடையோடு, படகு முதலாளியான சம்மாட்டியின் வேடத்தில் வந்து இறங்கிய ஊர், கோயில் கட்டப் பெண்கள் கடலிலிருந்து முருகைக்கல் சுமந்த ஊர், சண்டைக்குப் பயந்து முழுச்சனமும் வள்ளம் ஏறி ஓடிப் பிறகு திரும்பி வந்த ஊர். இதற்குப் பத்துப் பக்கமா? ஆனாலும் ஒத்துக்கொண்டேன். ஒத்துக்கொண்டு விசாரிக்கப் போனால், பீடத்தில் நிற்கும் மாதா சுருவம் எப்படி வந்தது என்பதற்கே ஒன்பது வீட்டில் பதினொரு கதை சொன்னார்கள். கடலில் மிதந்து வந்ததாம். வலையில் வந்ததாம். கப்பல்காரன் இறக்கி வைத்துவிட்டு மறந்து போனானாம். இந்தக் கரையோரத்தில் நடந்து வந்த சுருவம் ஒன்றுகூடக் கிடையாது, எல்லாமே நீந்தித்தான் வந்திருக்கின்றன.

வாய்க்கதைகளில் நம்பிக்கை போய்த்தான் பழைய ஏடுகளைத் தேடினேன். இடம்பெயர்ந்தபோது அப்போதிருந்த சுவாமி அவற்றை மழைக்கோட்டில் சுற்றி வள்ளத்தில் கொண்டுபோயிருந்தார். அவை பட்டணத்தில் பத்திரமாக இருந்தன. பாதரின் கடிதத்தோடு காலை பஸ்ஸில் போய், ஒரு கதிரையில் இருந்து, நாள் முழுக்க இறப்புப் பதிவேட்டைப் புரட்டினேன். வாந்திபேதி வந்த வருடத்தில் ஒரே பக்கத்தில் ஏழு குழந்தைகள். கடலில் போய்த் திரும்பாதவர்களுக்கு எண்ணுக்குப் பதிலாக ஒரு கோடு. படித்தவர்கள் யாரும் எங்களைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை, இந்த ஏட்டில்தான் எங்கள் வரலாறு முழுக்க இருக்கிறது என்று நினைத்தேன். அப்பாவின் வரியைக் கண்டதும் விரலால் தொட்டேன். ‘க.ப. 3’ என்று இருந்தது. கடற்பக்கம் மூன்று. சரிதான்.

கடைசி மட்டைக்குள் ஒரு தாள் மடித்துச் செருகியிருந்தது. சேமக்காலையின் வரைபடம். பழைய சுவாமி ஒருவர் மையால் கோடு போட்டு அடிக்கணக்கும் எழுதியிருந்தார். பெரிய சிலுவைக்குத் தரைப்பக்கமாகக் கிணறு. கிணற்றிலிருந்து சிலுவைக்கு நாற்பது அடி.

இதைப் படித்த நேரத்தில் என் மூளையில் ஒன்றும் ஓடவில்லை. தொலைபேசியில் படம் எடுத்துக்கொண்டேன். பஸ் பண்ணைப் பாலத்தைத் தாண்டும்போதுதான் ஓடியது. எங்கள் சேமக்காலைக் கிணற்றில் நான் எத்தனையோ தரம் வாளி விட்டிருக்கிறேன். கிணற்றடியில் நின்று கையை நீட்டினால் சிலுவையின் நிழல் கையில் விழும். அது எப்படி நாற்பது அடி?

பஸ்ஸால் இறங்கி வீட்டுக்குப் போகவில்லை. நேரே சேமக்காலைக்குப் போனேன். தையல் பையில் நாடா இருந்தது. கிணற்றுக் கட்டிலிருந்து சிலுவை மேடை வரைக்கும் அளந்தேன். பத்து அடி. திரும்ப அளந்தேன். பத்து அடிதான். கிணறு நகராது. அப்படியானால் நகர்ந்தது சிலுவை.

அந்தச் சிலுவையை நகர்த்தியது யார் என்பதும் எனக்கு உடனே தெரிந்துவிட்டது. நான்தான்.

இருபது வருடம் கழித்து ஊர் திரும்பியபோது சேமக்காலை என்று ஒன்று இருக்கவில்லை. நாயுண்ணிப் பற்றை ஆள் உயரத்துக்கு நின்றது. மதிற் கல்லெல்லாம் பங்கர் என்ற பதுங்குகுழிகள் கட்டப் போயிருந்தது. பெரிய சிலுவையின் அடிக்கல்கூட மிச்சமில்லை. கிணறு தூர்ந்து பற்றைக்குள் கிடந்ததால் யாரும் காணவில்லை, அதைப் பிறகுதான் இறைத்தோம். கடற்பக்கம் நாங்கள் இல்லாத காலத்தில் வாகனங்கள் ஓடி ஓடிப் பாதையாகியிருந்தது. அந்தப் பாதையோடு ஒட்டிப் புது மதில் கட்டினோம். பழைய மதிலும் அதே இடம்தான் என்று எல்லோரும் நினைத்தோம். ஆத்துமாக்கள் திருநாளுக்கு முன்பு பெரிய சிலுவையை நாட்டவேண்டும் என்று சனம் அவசரப்பட்டது. அது இல்லாமல் யாரும் தங்கள் ஆளைக் கண்டுபிடிக்க முடியாதே. எங்கே நாட்டுவது என்று கேள்வி வந்தபோது நான் கயிறு வாங்கி வரச் சொன்னேன். மூலைக்கு மூலை இரண்டு கயிறும் இழுத்து, வெட்டிய இடத்தில் முளை அடித்தேன். செவ்வகத்தின் மூலைவிட்டங்கள் ஒன்றையொன்று இருகூறிடும் என்று முப்பது வருடம் படிப்பித்தவளுக்கு இது என்ன பெரிய வேலை?

ஒரு கிழவர் மட்டும் தலையைச் சொறிந்துகொண்டு, “இன்னும் கொஞ்சம் கடற்பக்கமா இருந்தமாதிரிக் கிடக்கு பிள்ளை” என்றார். “அண்ணை, உங்களுக்கு ஞாபகம் பிழைக்கும். கயிறு பிழைக்காது” என்று சொன்னேன். சனம் சிரித்தது. அவரும் சிரித்துவிட்டுப் போய்விட்டார். இப்போது அவர் உயிரோடு இல்லை.

சேமக்காலையில் நின்றபடியே கணக்கைச் செய்தேன். சிலுவை தள்ளியது முப்பது அடி, வரிசைக் கணக்கில் நாலு. கடற்பக்கம் எட்டு வரிசை மதிலுக்கு வெளியே போய்விட்டது. அதனால் நடு நாலு வரிசை தரைப்பக்கமாக வந்துவிட்டது. முழுச்சனமும் புதுச் சிலுவையிலிருந்து எண்ணி, நாலு வரிசை தள்ளி, யாரோ ஒருவரின் குழியில் மெழுகுதிரி கொளுத்துகிறது. பன்னிரண்டு வருடமாக. இதற்குள் நாலைந்து குழிகளைத் திறந்து பெண்சாதிமாரை வைத்தும் இருக்கிறோம். எலும்பு வந்தது. எலும்பில் பெயரா எழுதியிருக்கிறது? எங்கள் பாடகர் குழுவில் பாடிய மாமியை நினைத்தேன். கடுமையான மனுசி, அயலில் ஒரு ஆம்பிளையோடும் முகம் கொடுத்துப் பேசமாட்டார். அவர் இப்போது யாரோடு படுத்திருக்கிறார்?

பயத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது. அது நின்றதும் சிலுவை மேடையிலேயே இருந்துவிட்டேன்.

அப்பாவைக் கணக்கில் தேடினேன். நாங்கள் மெழுகுதிரி கொளுத்தும் இடம் உண்மையில் பழைய சிலுவைக்குத் தரைப்பக்கம் முதலாவது. வரைபடத்தில் அந்த வரிசைக்கு மேல் ‘குருக்களுக்கு’ என்று எழுதியிருந்தது. எங்கள் ஊரில் செத்துப்போக எந்தச் சுவாமியும் சம்மதிக்காததால் அது வெறுமையாகவே கிடந்திருக்கிறது. பன்னிரண்டு வருடமாக அம்மாவைக் கையில் பிடித்துக் கூட்டிப்போய் வெறும் நிலத்தின் முன்னால் முழங்காலில் நிறுத்தியிருக்கிறேன். அம்மா அந்த மண்ணுக்கு முத்தம் கொடுத்துவிட்டுத்தான் எழும்புவார்.

உண்மையான அப்பா எங்கே? புதுச் சிலுவையிலிருந்து ஏழாவது. எண்ணிக்கொண்டு போனேன். அங்கே ஒரு கல்லறை இருந்தது. கறுப்புக் கல் பதித்து, பக்கமெல்லாம் தரை ஓடு ஒட்டி, தலைமாட்டில் ஒரு பெடியனின் படம் வைத்த கல்லறை. முடக்கு வீட்டு அக்காவின் மகன்.

முடக்கு வீட்டு அக்கா எங்கள் ஒழுங்கை திரும்பும் இடத்தில் தனியாக இருக்கிறார். என்னைவிடப் பத்து வயது கூட. மூத்தவன் பத்தொன்பது வயதில் புயலில் அகப்பட்டு, மூன்றாம் நாள் உடல் கரை சேர்ந்தது. அதற்கு அடுத்த வருடம் நாங்கள் ஊரை விட்டு ஓடினோம். இடம்பெயர்ந்த இடத்தில் புருசனும் போனார், அவரை எங்கே தாட்டது என்பதே இப்போது தெரியாது. இளையவன் பிரான்ஸில். அவன் காசு அனுப்பித்தான் அந்தக் கல்லறை கட்டினது. அக்கா ஒவ்வொரு நாளும் பின்னேரம் அங்கே போவார். தூசி துடைப்பார், மெழுகுதிரி கொளுத்துவார், அன்றைக்கு என்ன கறி வைத்தார் என்பதுவரை மகனுக்குச் சொல்லிவிட்டு வருவார். அவர் கறி விபரம் சொல்லிக்கொண்டிருந்தது என் அப்பாவுக்கு.

அப்படியானால் அவருடைய மகன்? பழைய சிலுவையிலிருந்து ஏழாவது. புதுச் சிலுவையிலிருந்து பதினொன்று. ஆனால் எட்டாவதோடு மதில் வந்துவிடுகிறது. மதிலுக்கு வெளியே முதலாவது, இரண்டாவது, மூன்றாவது. அங்கே இப்போது கொங்கிறீட் போட்ட இறங்குதுறை வீதி. படகுகளுக்கு எண்ணெய் கொண்டுவரும் ஓட்டோவும் ஐஸ் லொறியும் அதால்தான் போகும்.

அன்றிரவு பாதரிடம் போய்ப் படத்தைக் காட்டினேன். அவர் அதை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

“ரீச்சர், இதைப் பெருநாள் முடியும் வரைக்கும் ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. சனம் குழம்பிப்போம். ஆர் எங்க கிடக்கினம் எண்டு ஆண்டவருக்குத் தெரியும்தானே.”

“ஆண்டவருக்குத் தெரியும் பாதர். அம்மாவுக்குத் தெரியாதே.”

“அம்மா இப்ப சுகமாத்தானே இருக்கிறா? பெருநாள் முடியட்டும். நான் ஆயரோட கதைச்சு ஒரு வழி பாக்கிறன்.”

நான் சண்டை பிடித்திருக்க வேண்டும். வேறு விஷயம் என்றால் பிடித்திருப்பேன். அன்றைக்கு ஒத்துக்கொண்டேன். காரணம் பெருநாள் இல்லை. கயிறு பிடித்தது நான் என்று ஊருக்கே தெரியும். அதுதான் காரணம்.

அடுத்த நாள் காலை மனம் கேளாமல் அக்காவிடமாவது சொல்லிவிடுவோம் என்று புறப்பட்டேன். அவர் வீட்டில் இல்லை. இறங்குதுறை வீதியில் மீன் பார்த்துக்கொண்டு நின்றார். நான் மதிலிலிருந்து அடிக்கணக்கைக் கண்ணால் எண்ணினேன். அவர் நின்றது கிட்டத்தட்ட அதே இடத்தில்.

“வாங்கோ ரீச்சர், நல்ல ஓரா வந்திருக்கு. அம்மாவுக்குச் சொதி வைச்சுக் குடுங்கோ” என்றார். சொல்லிக்கொண்டே செருப்பில் ஒட்டியிருந்த சேற்றை விழுத்தக் காலைத் தூக்கி இரண்டு தரம் கொங்கிறீட்டில் அடித்தார்.

“ஓம் அக்கா, ஒரு கிலோ எடுப்பம்” என்று சொல்லி மீனை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். பொய் சொன்ன பிள்ளைகளைக் கதிரையில் ஏற்றி நிறுத்திய ரீச்சர் நான். வந்து அந்த மீனுக்குச் செதில் எடுத்துச் சொதி வைத்து அம்மாவுக்குத் தீத்தினேன். அம்மா நல்லாயிருக்கு என்று சாப்பிட்டார்.

பிறகு அக்காவைக் கண்டால் ஒழுங்கை மாறி நடந்தேன். வரலாற்றை எழுதினேன். ஒல்லாந்தர், முருகைக்கல், இடம்பெயர்வு எல்லாம் வந்தது. சேமக்காலைப் பக்கம் போகாமல் பத்துப் பக்கத்தையும் நிரப்பிவிட்டேன்.

பெருநாளுக்கு இரண்டு கிழமை இருக்க அம்மா போய்விட்டார். வெள்ளிக்கிழமை விடியத் தேத்தண்ணீர் கொண்டுபோனேன், எழும்பவில்லை. சனிக்கிழமை நாலு மணிக்கு அடக்கம் என்று முடிவாயிற்று. குழி வெட்டுகிறவர்கள் வந்து கேட்டபோது, “அப்பாவின்ர குழிதான், மூண்டாவது” என்று சொன்னேன். என் வாயாலேயே சொன்னேன். உள்ளுக்குள் ஒரு கணக்குப் போட்டிருந்தேன். முப்பத்தைந்து வருடத்துக்கு மேலாகிவிட்டது, எலும்பு வராவிட்டால் கரைந்துபோயிற்று என்று நினைத்துக்கொள்வார்கள். அம்மாவுக்கும் இனித் தெரியப்போவதில்லை. அம்மா கேட்ட ஒரே ஒரு காரியத்தை இப்படித்தான் நான் முடிக்கப் பார்த்தேன்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் தொலைபேசி அடித்தது. குழி வெட்டுகிறவர்களில் ஒருவன் என்னிடம் படித்தவன். கணக்கில் முப்பதைத் தாண்டாதவன், ஆனால் தங்கமான பெடியன்.

“ரீச்சர், ஒருக்கா வாங்கோ. ஒரு பிரச்சினை.”

அம்மாவைக் கூடத்தில் வைத்துவிட்டுச் சைக்கிளில் போனேன். குழி முழங்கால் அளவு இறங்கி நின்றது. அடியில் முருகைக்கல் பாளம், குறுக்கும் நெடுக்கும் ஒரு கீறல் இல்லாமல்.

“இது வெட்டுப்படாத கல்லு ரீச்சர். இதுக்குள்ள ஒருத்தரையும் தாட்டிருக்க ஏலாது” என்றான். சொல்லிவிட்டுத் தயங்கினான். “நீங்கள் எண்ணினது பிழைச்சிருக்குமோ?”

முடக்கு வீட்டு அக்காவும் அங்கே நின்றார். சேமக்காலைக்கு ஆட்கள் வரப்போகும் நாட்களில் அவர் காலையிலேயே வந்து மகனின் கல்லறையைக் கழுவிவிடுவார். கையில் ஈரத்துணியோடு வந்து குழிக்குள் எட்டிப் பார்த்தார்.

“ரீச்சர் எண்ணிப் பிழைக்குமே?” என்று எனக்காக அவனைக் கண்டித்தார். “பக்கத்துக் குழியை வெட்டிப் பாருங்கோ பிள்ளையள். மனுசி பாவம், அங்க காத்துக்கொண்டு கிடக்கிறா.”

ஓம், நான்தான் பிழையாக எண்ணிவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். வாய் திறந்தும்விட்டேன். அப்போதுதான் அம்மா கூடத்தில் கிடந்த கிடை மனதில் வந்தது. கை இரண்டையும் செபமாலையால் சுற்றி நானே கட்டியிருந்தேன். இந்த மனுசி ஆயுளில் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. சத்தியத்துக்காகவோ கடவுளுக்காகவோ நான் பேசினேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அம்மாவுக்காகத்தான் பேசினேன். சிலுவை, கிணறு, நாற்பது அடி, பத்து அடி, நாலு வரிசை எல்லாவற்றையும் கரும்பலகைக்கு முன்னால் நின்ற மாதிரி ஒரே மூச்சில் சொன்னேன். அக்காவின் மகன் எங்கே என்பதை மட்டும் சொல்லவில்லை.

கணக்கில் முப்பது எடுத்தவன்தான் முதலில் விளங்கிக்கொண்டான்.

“அப்ப எங்கட அம்மா?” என்றான். அவன் போன வருடம்தான் தாயைத் தகப்பனின் குழி என்று எண்ணி வைத்தவன். மண்வெட்டியை நிலத்தில் போட்டுவிட்டுக் குந்திவிட்டான்.

அக்கா தன் விரல்களை மடித்து எண்ணினார். மூன்று, நாலு, ஏழு. பிறகு கறுப்புக் கல்லறையைத் திரும்பிப் பார்த்தார்.

“அப்ப இதுக்குள்ள கிடக்கிறது உங்கட அப்பாவே?”

“ஓம் அக்கா.”

“நிச்சயமே?”

“ஓம்.”

ஈரத்துணியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

“உடையுங்கோ” என்றார். “அந்தப் படத்தை மட்டும் உடையாமல் எடுத்து என்னட்டத் தாங்கோ.”

பாரையால் குத்தி ஓடுகளை உடைத்தார்கள். மண் மெத்தென்று இருந்தது, ஏற்கெனவே வெட்டுப்பட்ட மண். நெஞ்சளவு ஆழத்தில் எலும்பு வந்தது. வலது தொடை எலும்பில் ஒரு உருக்குத் தகடும் நாலு ஆணியும் துருவேறிக் கிடந்தன. அப்பா ஒருக்கால் வள்ளத்துக்கும் துறைக்கும் நடுவில் கால் அகப்பட்டு, பெரியாஸ்பத்திரியில் தகடு வைத்தவர். மழை வரப்போகிறது என்று அந்தக் கால் முன்கூட்டியே சொல்லும் என்பார். நான் அந்தத் தகட்டைக் கையில் எடுத்துக் குலுங்கிக் குலுங்கி அழுதேன். பன்னிரண்டு வருடத்தில் அப்பாவுக்காக அவருடைய இடத்தில் நின்று அழுதது அன்றைக்குத்தான். அக்கா என் முதுகைத் தடவிக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். அவருக்கும் ஒரு ஆசை இருந்திருக்கும், நான் சொன்னது பிழையாகிவிடாதா என்று. தகட்டைக் கண்டதோடு அது போயிருக்கும்.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. நாலு மணிக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அம்மாவின் அடக்கத்துக்கு வந்த சனத்தில் பாதிப் பேர் அம்மாவின் குழியைப் பார்க்கவில்லை. பாதர் மந்திரம் வாசிக்க, சனம் பெரிய சிலுவையைப் பார்ப்பதும் விரலை மடிப்பதும் நாலு வரிசை தள்ளிப் போய் நிற்பதுமாக இருந்தது. ஒரு மனுசி யாருடைய குழியென்றே தெரியாத இடத்தில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். மதிலோரத்துக்கு எண்ணிக்கொண்டு போனவர்கள் மதிலில் முட்டிக்கொண்டு நின்றார்கள். பாதரின் குரல் இரண்டு தரம் அறுந்து போயிற்று. அம்மாவை இறக்கினோம். கால்மாட்டில் வெள்ளைத் துணி முடிச்சு. நான் பிடி மண் போட்டேன். எனக்கு அடுத்ததாக அக்கா வந்து மூன்று பிடி மண் போட்டார்.

சனம் போய் முடிய ஐந்தரை ஆகிவிட்டது. அக்கா போகவில்லை. உடைந்த ஓட்டுக் குவியலுக்குப் பக்கத்தில், மகனின் படத்தைச் சேலைத் தலைப்பில் சுற்றி வைத்துக்கொண்டு நின்றார்.

“அம்மாவின்ர அலுவல் எல்லாம் முடிஞ்சுதே ரீச்சர்?”

“ஓம் அக்கா.”

“அப்ப இனிச் சொல்லுங்கோ. என்ர பிள்ளை எங்க?”

காலை பத்து மணியிலிருந்து அந்தக் கேள்வியை அவர் அடக்கி வைத்திருந்திருக்கிறார். என் அம்மாவின் காரியம் கெட்டுவிடக் கூடாது என்று. அது விளங்கியபோது எனக்கு நிலத்துக்குள் போய்விடலாம் போல் இருந்தது.

வாயால் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. வாசலால் வெளியே கூட்டிக்கொண்டு, மதிலைச் சுற்றி, இறங்குதுறை வீதிக்குப் போனோம். மதிலோரத்திலிருந்து அடியை எண்ணினேன். மூன்றாவது வரிசை நடு வீதியில் வந்தது. கையைக் காட்டினேன். கொங்கிறீட்டில் மீன் செதிலும் எண்ணெய்க் கறையும் இருந்தன.

அக்கா அந்த இடத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“இது எப்ப தொடக்கம் உங்களுக்குத் தெரியும்?”

இன்றைக்குத்தான் என்று சொல்லியிருக்கலாம். பாதரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

“மூண்டு மாசம்.”

அவர் அந்தக் கொங்கிறீட்டில் காலை மடித்து இருந்தார். படத்தை மடியில் வைத்தார். உள்ளங்கையால் கொஞ்ச இடத்தைத் துடைத்தார்.

“பன்னிரண்டு வருசம் தெரியாமல் நடந்தனான். அதை விடுங்கோ” என்றார். “இந்த மூண்டு மாசமும் ஒவ்வொரு நாளும் நான் இவனுக்கு மேலால நடந்தனான். நீங்கள் தெரிஞ்சுகொண்டு நடக்க விட்டனீங்கள்.”

நான் பக்கத்தில் குந்தப் போனேன். அவர் கையை நீட்டித் தடுத்தார்.

“நீங்கள் உங்கட ரெண்டு பேரையும் ஒண்டா வைச்சிட்டீங்கள். போங்கோ ரீச்சர்.”

நான் போனேன்.